மேப்பிளும் பனையும் – ஓர் ஒப்பாய்வு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

முன்னுரை

கனடா நாட்டுக் கொடியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பாக ஓர் இலை. அது மேப்பிள் மரத்தின் இலை. 1965-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் தேதி அந்தக் கொடி அதிகாரபூர்வமாக ஏற்றப்பட்டது. ஒரு நாடு தன் கொடியில் சிங்கம், கழுகு எதையும் போடாமல் ஒரு மர இலையைப் போட்டிருக்கிறது என்றால், அந்த மரம் அவர்களுக்குச் சோறு போட்ட மரமாக இருக்க வேண்டும் அல்லவா? சோறு போட்டதோ இல்லையோ, சர்க்கரை போட்டது. அந்த மரத்திலிருந்து வடியும் நீரைக் காய்ச்சித்தான் மேப்பிள் பாகு எடுக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே நம்ம பனைமரம்தான் ஞாபகம் வந்தது. நமக்கும் ஒரு மரம் இருக்கிறது. அதிலிருந்தும் இனிப்பு நீர் வடிகிறது. அதையும் காய்ச்சிப் பாகும் வெல்லமும் கற்கண்டும் எடுக்கிறோம். 1978-ல் தமிழ்நாடு அரசு பனையை மாநில மரமாக அறிவித்தது. ஆனால் அவர்கள் தங்கள் மரத்தை வைத்திருக்கும் நிலைக்கும், நாம் நம் மரத்தை வைத்திருக்கும் நிலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அது ஏன்? டிப்ளமோ படிக்கும் நாம் இதில் என்ன செய்ய முடியும்? இதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

மேப்பிள் நீர் வடியும் விதம்

வட அமெரிக்காவில் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் நேரம். இரவில் உறைபனி, பகலில் லேசான வெயில். இந்த ஏற்ற இறக்கத்தால் மரத்துக்குள் அழுத்தம் மாறுகிறது. அப்போது அடிமரத்தில் சிறு துளை போட்டு ஒரு குழாயைச் செருகினால் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கும். இது சில வாரங்கள்தான் நடக்கும். ஐரோப்பியர் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கிருந்த பழங்குடி மக்கள் இதைச் செய்து வந்தார்கள். வந்தவர்கள் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

அந்த நீரில் சர்க்கரை மிகவும் குறைவு. சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். பாகின் கொதிநிலை தண்ணீரின் கொதிநிலையை விட 4 டிகிரி உயர்ந்து 104 டிகிரி செல்சியஸ் வந்தால் பாகு தயார் என்று அடுப்பை விட்டு இறக்குகிறார்கள். காடுகளுக்குள் இதற்கென்று சிறு குடில்கள் உண்டு. கியூபெக் மாகாணத்தில் வசந்தம் வந்தால் குடும்பத்தோடு அந்தச் சர்க்கரைக் குடில்களுக்குப் போவது ஒரு திருவிழா மாதிரி. சூடான பாகைச் சுத்தமான பனிக்கட்டி மேல் ஊற்றி, அது மிட்டாயாக இறுகியதும் குச்சியில் சுற்றிச் சாப்பிடுவார்களாம்.

பதநீர் வடியும் விதம்

நம் பனையில் அடிமரத்தைத் துளைப்பதில்லை. உச்சிக்கு ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பாளை சீவலாம். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டி விடுவார்கள். வெட்டுவாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத் தினமும் மெல்லிய வில்லையாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் ஊற்று குறைந்துவிடும். அதனால் பனையேறிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது!

ஓர் அறிவியல் உண்மையை இங்கே கவனிக்க வேண்டும். மேப்பிளில் வடிவது வேரிலிருந்து மேலே போகும் நீர்க்குழாய்களில் உள்ள நீர். பனையில் வடிவதோ இலைகள் தயாரித்த உணவைப் பூவுக்கும் காய்க்கும் கொண்டு செல்லும் உணவுக்குழாய்களில் உள்ள சாறு. அதனால்தான் பதநீரில் சர்க்கரை சுமார் 12 சதவீதம் வரை இருக்கிறது. அதாவது மேப்பிள் நீரைப் போல ஆறு மடங்கு!

சுண்ணாம்பின் வேலை

பனைச் சாறு வெறுமனே விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அப்போது கிடைப்பதுதான் பதநீர்.

என் தாத்தா விழுப்புரம் பக்கம் மரம் ஏறினவர். இந்தக் கட்டுரைக்காக அவரிடம் கேட்டேன்.

“ஏன் தாத்தா, சுண்ணாம்பு எவ்வளவு தடவணும்னு கணக்கு இருக்கா?”

“கணக்கு என்னடா கணக்கு. கொறைஞ்சா விடியறதுக்குள்ள கள்ளாயிடும். கூடினா வாயில வைக்க முடியாது. கைதான் கணக்கு.”

முதலாம் ஆண்டு வேதியியலில் நாம் படித்த கால்சியம் ஹைட்ராக்சைடுதான் இந்தச் சுண்ணாம்பு. அது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, சாற்றைக் காரத்தன்மைக்குக் கொண்டு போய் நொதிக்கும் ஈஸ்டை வளர விடாமல் செய்கிறது. இரண்டாவது, அமிலத்தில் சர்க்கரை உடைந்து போகும். உடைந்த சர்க்கரை கட்டியாக இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். காரத்தன்மை அதையும் தடுக்கிறது. சுண்ணாம்பு சரியாக இருந்தால்தான் கருப்பட்டி நன்றாக உறையும். பி.எச். பேப்பர் பார்க்காத ஒரு மனிதர் கைவிரலாலேயே பி.எச். கட்டுப்பாடு செய்திருக்கிறார் என்றால் ஆச்சரியமாக இல்லையா?

விடிலியும் கருப்பட்டியும்

கனடாவில் சர்க்கரைக் குடில் இருப்பது போலத் தென் மாவட்டங்களில் பனங்காட்டுக்குள் விடிலி உண்டு. ஓலை வேய்ந்த குடிசை. உள்ளே பெரிய அடுப்பு. பதநீரை ஏற்றிக் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். முதலில் நுரை பொங்கும். பிறகு நிறம் மாறிக் கெட்டிப்படும். இந்த இடைநிலைப் பாகைக் கூப்பதநீர் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பனம்பாணி என்கிறார்கள். மேப்பிள் பாகுக்கு நேர் சமம் இதுதான். இன்னும் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டால் பதம் சரி. உடனே தேங்காய்ச் சிரட்டையில் ஊற்ற, இறுகிக் கருப்பட்டியாகும். சுக்கும் ஏலமும் சேர்த்தால் சில்லுக் கருப்பட்டி. பாகைப் பானையில் ஊற்றி நூல் தொங்கவிட்டு வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைச் சுற்றிப் படிகம் படிந்து பனங்கற்கண்டு ஆகும். தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர் அதிகம். அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

பனையும் தமிழர் மரபும்

மேப்பிள் கொடியில் ஏறியது 1965-ல்தான். பனையோ சங்க காலத்திலேயே அரச சின்னம். சேரர் சூடிய பூ பனம்பூ. சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு என்பது பள்ளியில் படித்ததே. காதலி கிடைக்காத தலைவன் பனைமடலால் குதிரை செய்து ஊர் நடுவே ஏறி வருவதை மடலேறுதல் என்று சங்க இலக்கியம் சொல்கிறது. (கருக்கு மட்டையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும்!) செய்யாறு அருகே திருவோத்தூர்க் கோயிலில் தலமரமே பனை. அங்கே ஆண் பனைகளைத் திருஞானசம்பந்தர் காய்க்க வைத்தார் என்பது தல வரலாறு. வள்ளுவர், ஒருவர் செய்த சிறு உதவியையும் பயன் அறிந்தவர்கள் எவ்வளவு பெரிதாகக் கருதுவார்கள் என்று சொல்ல வந்தபோது, தினைக்கு எதிரே அவர் கண்ணில் பட்ட அளவுகோல் பனைதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓலை. அச்சு இயந்திரம் வரும் வரை தமிழ் இலக்கணம், இலக்கியம், மருத்துவம், கணக்கு எல்லாம் ஏட்டில்தான் இருந்தன. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியது பனையோலைச் சுவடிகளைத்தான். சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் உள்ள தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பை 1997-ல் யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பனை இல்லாவிட்டால் நமக்குத் தொல்காப்பியமும் இல்லை, திருக்குறளும் இல்லை என்றால் அது மிகையாகாது. மேப்பிளிடம் இனிப்பு இருக்கலாம். இந்தப் பெருமை இல்லை. பனையின் 801 பயன்களைச் சொல்லும் தாலவிலாசம் என்று ஒரு தமிழ் நூலே உண்டு.

நம் பக்கத்துப் பனைகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றால் இன்று தொழிற்பேட்டையும் டிராபிக்கும்தான் ஞாபகம் வரும். ஆனால் இது ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்று வரிசையாகச் சொல்லலாம். தொண்டை மண்டலத்தில் ஏரிக்கரையில் பனை வைப்பது பழைய வழக்கம். பனையின் வேர்கள் ஒன்றிரண்டு பருத்த வேராக இல்லாமல் நூற்றுக்கணக்கான கயிறு போன்ற வேர்களாக நாலாபுறமும் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கரைக்குப் போட்ட கம்பி வலை மாதிரி. சிவில் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்!

1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. நம்மில் பலருடைய அப்பாக்களுக்கு வேலை கொடுத்தது இவைதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் அப்பாவும் ஊரை விட்டு வந்து அம்பத்தூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில்தான் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். ஆனால் மனை போட்ட இடங்களில் முதலில் விழுந்தது பனை. செங்கல் சூளைக்கு விறகாகப் போனதும் பனை. இன்று ரயிலில் திருநின்றவூர் தாண்டித் திருவள்ளூர் பக்கம் போனால்தான் வரப்புகளில் பனையைப் பார்க்க முடிகிறது. நமக்குப் பனை என்றால் கோடையில் சாலையோரம் நுங்கு, பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு. அவ்வளவோடு முடிந்துவிட்டது.

இன்னொரு சுவையான செய்தி. பனைவெல்லத் தொழிலுக்கென்று காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பயிற்சி நிலையம் அமைந்தது வேறெங்கோ இல்லை; நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாதவரத்தில்தான். அந்த இடத்துக்குக் குமரப்பாபுரம் என்று பெயர். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயர் அது. கரும்புக்கு நல்ல நிலமும் நிறைய நீரும் வேண்டும். பனை தரிசிலேயே வளரும். ஆகவே சர்க்கரையைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டு நல்ல நிலத்தை நெல்லுக்கு விடலாமே என்பது அவருடைய வாதம். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்ற சென்னைவாசிகளுக்கு இந்த வாதம் நன்றாகவே புரியும்.

ஏன் நலிந்தது?

தமிழ்நாட்டில் சுமார் 5 கோடி பனைகள் இருப்பதாகக் காதி ஆணையத்தின் கணக்கு கூறுகிறது. மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை. காரணங்களை இவ்வாறு வரிசைப்படுத்தலாம்.

1. உயிருக்கு ஆபத்து. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரத்தின் உயரம் 12 மீட்டர்; ஒருவர் ஒரு நாளில் 40 மரம் ஏறுகிறார்; காலை மாலை இரு வேளை. மொத்தம் 80 ஏற்றம், 960 மீட்டர். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டிடத்தின் உயரம் சுமார் 54 மீட்டர். அப்படியானால் அவர் தினமும் எல்.ஐ.சி.யின் உச்சிக்குப் பதினேழு பதினெட்டு முறை ஏறி இறங்குகிறார். லிஃப்டும் கிடையாது, படியும் கிடையாது. காலில் ஒரு நார் வளையம், இடுப்பில் அரிவாள் பெட்டி, அவ்வளவுதான்.

2. மரியாதை இல்லாமை. மரம் உராய்ந்து உராய்ந்து என் தாத்தாவின் நெஞ்சில் தோல் காய்த்துப் போயிருக்கிறது. ஊரில் அது உழைப்பின் அடையாளமாக மதிக்கப்படவில்லை; ஏளனத்தின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது. சட்டை போட்டுக்கொண்டு வெளியே போகத்தான் அவர் விரும்புவார். “என்னோட போகட்டும் இந்த வேலை” என்றுதான் அப்பாவைப் பட்டணத்துக்கு அனுப்பினார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். மரம் ஏறத் தெரியாத முதல் தலைமுறையும் நாங்கள்தான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

3. கள் தடை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. பதநீர் வேறு, கள் வேறு. ஆனால் பாளையில் கலயம் தொங்கினாலே சந்தேகக் கண். இந்தப் பயத்தில் ஏறுவதை விட்டவர்கள் உண்டு.

4. விலையும் கடனும். சீசன் இல்லாத மாதங்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, சீசனில் அவர் சொன்ன விலைக்குக் கருப்பட்டியைக் கொடுக்கும் நிலை. போதாதற்குச் சீனி கலந்த போலிக் கருப்பட்டியும் சந்தையில் நுழைந்து விலையைக் கெடுக்கிறது.

அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்?

உலக மேப்பிள் பாகில் சுமார் 70 சதவீதம் கியூபெக் மாகாணத்தில் தயாராகிறது. அங்கும் ஒரு காலத்தில் விளைச்சல் அதிகமானால் விலை விழும், குறைந்தால் ஆள் விழும். 1966-ல் உற்பத்தியாளர்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். 2000-ல் ஒரு சேமிப்புக் கிடங்குத் திட்டம் தொடங்கினார்கள். நல்ல வருடத்தில் மிஞ்சும் பாகைப் பீப்பாய்களில் அடைத்து வைத்து, மோசமான வருடத்தில் எடுத்து விற்கிறார்கள். அந்தப் பாகின் மதிப்பு எவ்வளவு என்றால், 2011–12-ல் ஒரு கும்பல் கிடங்கிலிருந்து கிட்டத்தட்ட 3,000 டன் பாகைத் திருடி விற்றுவிட்டது! மதிப்பு சுமார் 1 கோடியே 87 லட்சம் கனடிய டாலர். வங்கிக் கொள்ளை கேள்விப்பட்டிருக்கிறோம், பாகுக் கொள்ளை கேள்விப்பட்டிருக்கிறோமா?

தொழில்நுட்பத்திலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. வாளி தூக்கிய காலம் போய், மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இணைத்து வெற்றிடப் பம்ப்பால் நீரை இழுக்கிறார்கள். காய்ச்சும் முன் எதிர் சவ்வூடு பரவல், அதாவது நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் அதே தத்துவத்தில், தண்ணீரைப் பிரித்து விடுகிறார்கள். 2 சதவீதச் சாற்றை 8 சதவீதம் ஆக்கினாலே முக்கால் பங்குத் தண்ணீர் அடுப்பு இல்லாமல் போய்விடுகிறது. அந்த அளவுக்கு எரிபொருள் மிச்சம்.

பனையை மதித்த பக்கத்து நாடுகளும் உண்டு. கம்போடியா 2005-ல் பனையைத் தேசிய மரமாக அறிவித்தது. அங்கே கம்போங் ஸ்பியூ பகுதியின் பனைச் சர்க்கரை 2010-லேயே புவிசார் குறியீடு பெற்றது. இலங்கையில் 1978-ல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. யாழ்ப்பாணத்தின் ஒடியல் கூழும் பனாட்டும் கடல் கடந்து போன தமிழர்களோடு கூடவே போயிருக்கின்றன.

நம் அரசும் முயற்சி எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் முதன்முதலாகப் போடப்பட்ட தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும், 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், ரேஷன் கடையில் கருப்பட்டி விற்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. பனைக்காகவே ஊர் ஊராக நடந்த இலக்கியச் செல்வர் குமரி அனந்தன் 2025-ல் மறைந்தார். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. அதற்குப் பிறகுதான் பல ஊர்களில் இளைஞர்கள் பனங்கொட்டையைக் கையில் எடுத்தார்கள்.

(பனை ஏன் சாயவில்லை? ஆழமான வேர் ஒரு காரணம். இன்னொன்று, அதன் அடிமரத்தில் வைரம் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது; நடுவில் சோறு. வளைவு விசையைத் தாங்குவது வெளி விளிம்புதான் என்று பொருள் வலிமையியலில் ஹாலோ ஷாஃப்ட் பற்றிப் படித்தோமே, அதே கதை.)

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! பனை பற்றிப் பேசும்போது “நம் பாரம்பரியம், நம் பெருமை” என்று கைதட்டிவிட்டுக் கலைவது சுலபம். ஆனால் கைதட்டுபவர் யாரும் மரம் ஏறப் போவதில்லை. “படிச்ச பிள்ளைகள் மறுபடியும் மரம் ஏறுங்க” என்று சொல்வதும் நியாயம் இல்லை. ஆபத்தைக் குறைக்காமல் ஒரு தொழிலைக் காப்பாற்று என்பது, அடுத்தவன் உயிரை வைத்து நாம் பெருமை பேசுவது. தாத்தா பட்ட பாட்டை நான் படவேண்டும் என்று அவரே நினைக்கவில்லை. ஆகவே வேலையின் தன்மையை மாற்ற வேண்டும். அது பொறியாளர் வேலை. நம் வேலை. இறுதியாண்டு புராஜெக்டுக்கு ரெடிமேடாக விலைக்கு வாங்கிப் பெயிண்ட் அடித்துக் காட்டுவதற்குப் பதில் கீழ்க்கண்டவற்றை எடுக்கலாம்.

இயந்திரவியல்: பனை ஏறும் கருவி. தென்னைக்குக் கருவி வந்துவிட்டது. பனைக்கு அது அப்படியே பொருந்தாது. அடியில் பருமன் ஒன்று, மேலே போகப் போக வேறு. உடம்பு சொரசொரப்பு. உச்சிக்கு அருகில் காய்ந்த மட்டையும் கருக்கும் வழியை மறிக்கும். ஆக, பருமனுக்கு ஏற்பத் தானே இறுகும் பிடி, விழுந்தால் பிடித்துக்கொள்ளும் பெல்ட், கொண்டைக்குள் நுழைய ஒரு வழி, மூன்றும் வேண்டும். எடையும் ஒரு ஆள் தூக்கும் அளவில் இருக்க வேண்டும். சிறந்த கருவிக்கு விருது தரப்படும் என்று 2022–23 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசே அறிவித்தது. ஆசை வருகிறதா இல்லையா?

வெப்பவியல்: அடுப்பு. 8 லிட்டர் பதநீருக்கு 1 கிலோ கருப்பட்டி என்று வைத்துக்கொள்வோம். 7 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஆவியாதல் மறைவெப்பம் கிலோவுக்கு 2,257 கிலோ ஜூல். அதோடு கொதிநிலைக்குச் சூடாக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் சுமார் 18,000 கிலோ ஜூல். விறகு கிலோவுக்கு 15,000 கிலோ ஜூல் தருகிறது. திறந்த அடுப்பின் திறன் 15 சதவீதம் என்று எடுத்தால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 கிலோ விறகு! அடுப்பின் திறனை 30 சதவீதம் ஆக்கினால் 4 கிலோ போதும். புகைபோக்கி வைத்தால் அடுப்படியில் நிற்கும் பெண்களின் கண்ணும் நுரையீரலும் தப்பிக்கும். எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலயப் பதநீரைச் சூடாக்கலாம். மேப்பிள்காரர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்கள் ஆர்.ஓ. வைத்து எட்டு சதவீதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். நம் மரமோ பன்னிரண்டு சதவீதமாகவே கையில் கொடுக்கிறது. ஆரம்பத்திலேயே நாம் அவர்களை விட முன்னால் நிற்கிறோம்! ஓடாமல் நிற்பதுதான் குறை.

மின்னணுவியல்: சுண்ணாம்பு அளவைக் காட்டும் மலிவான பி.எச். மீட்டர், பாகுப் பதத்தைச் சொல்லும் வெப்பமானி. சிவில்: எந்த ஏரிக்கரையில் எத்தனை பனை மிச்சம் என்று ஒரு சர்வே. சங்கிலியும் லெவலும் நம் ஸ்டோர் ரூமில் தூங்குகின்றன.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேலை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். கொட்டையைச் சேகரித்து மழைக்கு முன் ஏரிக்கரையில், அனுமதி பெற்று, பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்தால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். வேலி வேண்டாம். முளை முதலில் மேலே வராது, பூமிக்குள்தான் இறங்கும். அதனால் ஒன்றும் முளைக்கவில்லை என்று ஏமாந்து தோண்டிப் பார்க்காதீர்கள்!

முடிவுரை

பனை பூத்துப் பலன் தர 12, 15 வருடமாவது ஆகும். நாம் நடும் கொட்டை பதநீர் தரும்போது நமக்கு முப்பது வயது தாண்டியிருக்கும். நம்மில் சிலர் பெரிய கம்பெனியில் இருப்போம், சிலர் சொந்தப் பட்டறை வைத்திருப்போம். அந்த மரத்தில் ஏற அன்று யார் இருப்பார்கள் என்பதை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாம் செய்யப் போகும் கருவிதான் தீர்மானிக்கும். மரத்தை நடுவது ஒரு நாள் வேலை. அதில் ஒருவர் பயமில்லாமல், தலை குனியாமல் ஏறி இறங்க வழி செய்வதுதான் நமக்கு மிச்சமிருக்கும் வேலை.

புரட்டாசியில் கொட்டை பொறுக்க வருகிறவர்கள் மாணவர் பேரவை அறையில் பெயர் கொடுக்கவும். சாக்கு நான் கொண்டு வருகிறேன்.